பம்பளிமாஸ் நாற்றுகளும் நான் நம்பிய நார்த்தூளும்

நர்சரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகப் பழமரக் கன்றுகளுக்கான மண் கலவை பற்றிச் சில பக்கங்கள் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். எதில் எத்தனை பங்கு என்பது கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை நீங்களே படித்துக்கொள்ளலாம். அந்தத் தாள் சுவருக்கு வருவதற்கு முன் என்ன நடந்தது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். நான் பெருமைப்பட்டுக்கொள்ளும்படி அதில் அதிகமில்லை. இருந்தாலும் முப்பது வருட வேலையில் உங்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது என்றால், அது இதுதான்.

நான் இங்கே சேர்ந்த காலத்தில் அடையாறில் தோட்டத்தோடு கூடிய தனி வீடுகள் நிறைய இருந்தன. மந்தைவெளியில் பஸ் ஏறி, பாலம் தாண்டும்போது ஆற்று நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, பணிமனைக்கு முன்னால் இறங்கி நடந்து வருவேன். காலையில் கேட்டைத் திறந்ததும் முந்தின நாள் நனைத்த மண்ணின் வாசனை வந்து முகத்தில் படும். எட்டரை மணிக்கெல்லாம் வாடிக்கையாளர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். மயிலாப்பூரிலிருந்து வரும் மாமி ஒருவர், "போன தடவை வாங்கிண்டு போன எலுமிச்சை பூத்ததோட நின்னுடுத்து. உங்காத்துல காய்ச்சதைக் காட்டு, அப்புறம் வாங்கிக்கறேன்" என்பார். நானும் வீட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து காட்டுவேன். அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, செடியையும் வாங்கிக்கொண்டு போவார். ஓய்வு பெற்ற பிறகு இப்போதும் வேலைக்குக் கிளம்புவது போலக் காலையில் விழிப்பு வந்துவிடுகிறது. எங்கேயும் போக வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வர ஒரு நிமிடம் ஆகிறது.

அன்றைக்கு எங்களுடைய கலவை ஒன்றே ஒன்றுதான். செம்மண், ஆற்று மணல், மக்கிய சாணம், மூன்றும் சம பங்கு. மாங்கன்று, பலா, சப்போட்டா, எலுமிச்சை என்று எல்லாமே அதில்தான் முளைத்தன. லாரி வரும், கொட்டும், நாங்கள் புரட்டுவோம். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

ஒரு வருடம் செம்மண் லாரி இரண்டு வாரமாக வரவில்லை. நேரில் போய் என்னவென்று பார்த்துவிட்டு வரும்படி முதலாளி என்னை அனுப்பினார். செங்கல்பட்டைத் தாண்டி லாரிக்காரர் என்னை இறக்கிவிட்ட இடத்தில், ஒரு மாடி வீட்டையே உள்ளே இறக்கி வைக்கும் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். விளிம்பில் ஒரு வேப்பமரம் சாய்ந்து நின்றது. அதன் வேர்களில் பாதி காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன.

"நமக்கு வர்ற மண்ணெல்லாம் இங்கேருந்துதானா?" என்று கேட்டேன்.

"பின்ன எங்கேருந்து வரும்? மேலேருந்தா கொட்டும்?" என்றார் லாரிக்காரர்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வேர்கள்தான் கண்ணுக்குள் இருந்தன. மரம் வளர்க்க வேண்டும் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு இன்னொரு மரத்தின் காலடியைப் பறித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தேன். ஆற்று மணலும் அப்போது கிடைப்பது அரிதாகிவிட்டது. ஏதாவது மாற்று வேண்டும் என்று முதலாளியிடம் பேசினேன். உங்கள் பொறுப்பு, செய்யுங்கள் என்றார்.

அப்படித்தான் தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூள் எங்கள் நர்சரிக்கு வந்தது. நீங்கள் அதைக் கோகோபீட் என்கிறீர்கள். நாங்கள் நார்த்தூள் என்போம். கழிவாகக் கிடக்கிற பொருள், எந்தப் பள்ளமும் தோண்ட வேண்டாம், தொட்டியைத் தூக்கினால் இடுப்பு வலிக்காது. வேர்களும் அதில் பால் போல வெள்ளையாக ஓடின. முதல் இரண்டு வருடம் எல்லாம் நன்றாகவே நடந்தது. தி.நகரில் ஒரு மாடித் தோட்டக்காரர்கள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். நான் அந்த வேப்பமரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கையில் இருந்த தூளைத் தூக்கிக் காட்டினேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு நல்லது செய்யவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒருவரை அறிமுகம் செய்ய வேண்டும். நாற்றங்கால் கொட்டகையில் தண்ணீர் ஊற்றும் வேலை பார்த்தவர். பாலவாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கணவருக்குக் கடலில் தொழில். என்னைவிட மூன்று வயது சிறியவர். அவர் பெயரை எழுதட்டுமா என்று போன வாரம் போனில் கேட்டேன். "என் பேர போடாத. எங்க ஊட்டுக்காரரு அதப் படிச்சிட்டு ஒரு மாசம் கிண்டல் பண்ணிக்கினு இருப்பாரு" என்றார். அதனால் நர்சரியில் எல்லோரும் கூப்பிட்டது போலப் பாலவாக்கத்தம்மா என்றே எழுதுகிறேன். தோட்டக்கலையில் டிப்ளமோ வாங்கியவள் நான். ஆனால் இந்தத் தொழிலில் எனக்குப் பாடம் சொன்னது அவர்தான்.

ஒரு மார்கழியில் புயல் அடித்து நகரம் முழுக்க மரங்கள் விழுந்தன. அது முடிந்து பத்து நாள் கழித்துக் காதர் பாய் என்பவர் வந்தார். மயிலாப்பூரில் கச்சேரி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடை வைத்திருந்தார். பைண்டிங் துணியில் சுற்றி இரண்டு பம்பளிமாஸ் பழங்களைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

"வீட்டு மரம்மா. புயல்ல வேரோட சாஞ்சிடுச்சு. கடைசியா இந்த ரெண்டுதான் மிச்சம்" என்றார்.

"கிளை ஏதாவது இருக்கா பாய்? ஒரு குச்சி பச்சையா இருந்தாலும் போதும். அதை வச்சு அதே மரத்தைத் திரும்பக் கொண்டுவந்துடலாம்."

"மறுநாளே அறுத்து வண்டியில ஏத்திட்டாங்கம்மா. எனக்கு அப்ப அது தோணல. நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் மனைவி முதல் குழந்தையைச் சுமந்திருந்தபோது சாப்பிட்ட பழத்தின் விதையைத் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் புதைத்து வைத்தாராம். அப்படி வந்த மரம் அது. மனைவி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. நாலு பெண்கள். ஆதம்பாக்கத்தில் ஒருத்தி, வடபழனியில் ஒருத்தி, மற்ற இருவர் தாம்பரம் பக்கம். நாலு பேர் வீட்டுக்கும் ஒவ்வொரு கன்று வேண்டும் என்று கேட்டார்.

விதையிலிருந்து வரும் பம்பளிமாஸ் தாய் மரம் போலவே காய்க்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதை அவரிடம் சொன்னேன். புளிக்கலாம், கசக்கலாம், காய்க்க எட்டு வருடம் ஆகலாம். அவர் கேட்டுக்கொண்டார்.

"எப்படி வந்தாலும் அவ வச்ச மரத்தோட புள்ளைதானேம்மா" என்றார்.

இரண்டு பழத்திலும் சேர்த்து ஐம்பத்திரண்டு நல்ல விதைகள் கிடைத்தன. அவற்றை விதைப்பதற்கு முன்பு புது நார்த்தூள் ஒரு லோடு வந்து இறங்கியிருந்தது. வழக்கமாகக் கொடுப்பவர் இல்லை, வேறொருவர். அவர் ஒரு பரிசோதனைச் சீட்டும் கொடுத்திருந்தார். மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து நார் எடுத்தால் தூளிலும் உப்பு தங்கிவிடும். இதில் உப்பு மிகக் குறைவு என்று அந்தச் சீட்டில் அச்சடித்திருந்தது. கட்டிகளைத் தொட்டியில் ஊறவைத்து ஒரு தடவை அலசினோம். பாலவாக்கத்தம்மா அந்தத் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"மேடம், இது கரிக்குது."

"தேங்காய் மட்டை வாசனை அது" என்றேன்.

"வாசன மூக்குல வரும் மேடம். நா நாக்குல சொல்றேன்."

"சீட்டுல எல்லாம் சரியா இருக்கே."

"சீட்ட நா நக்கிப் பாக்கல. தண்ணியத்தான் நக்கினேன்" என்றார்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. இன்னொரு தடவை அலசச் சொல்லிவிட்டு, ஐம்பத்திரண்டு விதைகளையும் அந்தத் தூளிலேயே விதைத்தேன். ஐம்பத்திரண்டையும். பாதியைப் பழைய செம்மண் கலவையில் போட்டு வைத்திருக்கலாம். கொட்டகை மூலையில் அது இரண்டு கூடை மிச்சம் இருந்தது. திரும்பக் கிடைக்காத விதையை ஒரே கலவையில் போடக்கூடாது என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் தி.நகரில் கைதட்டல் வாங்கியவள் பழைய மண்ணைத் தொடுவதா என்று இருந்தது.

நாற்பத்தேழு முளைத்தன. காதர் பாய் வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டு இரண்டரை மணிக்கு வந்துவிடுவார். கவிழ்த்து வைத்த பெரிய தொட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து நாற்றுகளைப் பார்ப்பார். விரல் நுனிகளில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். பாலவாக்கத்தம்மாதான் அவரோடு பேசிக்கொண்டிருப்பார். "பாய், இத பாரு, இது மட்டும் நாலு எல விட்டுக்கிச்சு. இது ஒன் பெரிய பொண்ணுக்கு" என்று தனியாகச் சுட்டிக் காட்டுவார். ஒவ்வொரு பெண்ணுக்கும் எது என்று அவர்கள் இருவரும் பங்குனிக்குள் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு அந்தக் கூட்டணியில் இடமில்லை. தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இன்று நினைத்தால், என் வேலைக்காலத்தில் நான் திரும்பப் போய் உட்கார ஆசைப்படும் இடம் அந்தக் கவிழ்த்த தொட்டிக்குப் பக்கம்தான்.

பங்குனிக் கடைசியில் வெயில் ஏறியது. நாற்றுகளின் இலை நுனி மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிக் கருகியது. நாலைந்து நாளில் இலைகள் உதிர ஆரம்பித்தன. முதலாளி ஒரு சனிக்கிழமை கொட்டகைக்குள் வந்தவர் நாற்றுத் தட்டுகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன கோமதி இது? எல்லாம் மஞ்சளா இருக்கு."

நான் பதில் சொல்வதற்குள் அவரே தூளை அழுத்திப் பார்த்தார். ஈரமாக இருந்தது. பாலவாக்கத்தம்மா பூவாளியோடு எதிரில் நின்றார்.

"இவ்வளவு தண்ணி ஊத்தினா வேர் அழுகாம என்ன செய்யும்? எத்தனை வருஷமா வேலை செய்யறீங்க? இனிமே இவங்களை நாத்துப் பக்கம் விடாதீங்க. பெருக்கற வேலைக்குப் போகட்டும்" என்றார் முதலாளி.

தண்ணீர் அதிகமானாலும் இலை மஞ்சளாகும். ஆனால் நுனி மட்டும் இப்படிக் கருகாது. அது உப்பின் வேலை. அதைப் பார்த்த முதல் நொடியிலேயே என் மனதுக்கு அது தெரிந்துவிட்டது. பாலவாக்கத்தம்மா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பூவாளியைக் கீழே வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். 

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பயம் என்று சொன்னால் அது பாதி உண்மை. முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பப் போவதில்லை. என் நார்த்தூள் தப்பு என்று நானே சொல்ல வேண்டியிருக்குமே என்பதுதான் மீதி. கொஞ்சம் பொறுத்தால் செடிகள் தேறிவிடும், அப்போது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

அதைவிட மோசமானது அடுத்து நான் செய்தது. தண்ணீர் அதிகம் என்று முதலாளி சொல்லிவிட்டதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றும்படி மாற்றினேன். தண்ணீர் குறையக் குறையத் தூளில் இருக்கும் உப்பு கெட்டிப்படும். உப்புப் பிரச்சினைக்கு இதைவிடத் தப்பான வைத்தியம் இல்லை. கோடையில் எங்கள் போர் தண்ணீரே லேசாகக் கரிக்கும். உள்ளே ஒன்று தெரிந்தும் வெளியே இன்னொன்றை நம்புவது போல நடித்தால் கை இப்படித்தான் வேலை செய்யும். செவ்வாய்க்கிழமையிலிருந்து பாலவாக்கத்தம்மா வேலைக்கு வரவில்லை. வியாழக்கிழமைக்குள் பாதிக்கு மேல் நாற்றுகள் குச்சியாகிவிட்டன.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்குக் காதர் பாய் வந்தார். தட்டுகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு தொட்டியின்மேல் உட்கார்ந்தார். செடிக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்பார், நோய் என்று சொல்லிவிடலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"தண்ணி ஊத்துற அம்மா எங்கம்மா? உடம்பு சரியில்லையா?" என்றார்.



"பாய், இது என் தப்பு. நான் போட்ட தூள்ல உப்பு இருந்துச்சு. அவங்க அப்பவே சொன்னாங்க. நான் கேக்கல. இப்ப பழி அவங்க மேல விழுந்துடுச்சு. அதனால வரல."

அவர் கைவிரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மிச்சத்தக் காப்பாத்த முடியுமா?" என்றார் கடைசியில்.

"எனக்குத் தெரியல பாய்."

"அப்ப அவங்களப் போய்க் கேளுங்க. நா இங்கியே உக்காந்திருக்கேன்."

நான் நேராக முதலாளியின் அறைக்குப் போனேன். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"அன்னிக்கு நான் திட்டினப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமா சார்."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "போய்க் கூட்டிட்டு வாங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க. வேண்டாம், அப்படிச் சொல்லாதீங்க. வந்தப்புறம் நானே பேசிக்கறேன்."

பாலவாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடற்கரைப் பக்கமாக நடந்து விசாரித்துக்கொண்டு போனேன். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து மீன் செதில் சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. உட்காரச் சொல்லிப் பலகையைக் காலால் நகர்த்தினார். நான் முதலாளியிடமும் பாயிடமும் சொன்னதைச் சொன்னேன்.

"தண்ணியில்ல, தூளுதான்னு அன்னிக்கு ஒரு வார்த்த நீ சொல்லியிருந்தா போதும் மேடம்" என்றார்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்லல."

"ஆமா."

அவர் இரண்டு மீன் சீவி முடித்தார்.

"இன்னும் எத்தினி உசுரோட கீது?"

"இருபது இருக்கும்."

"பாய் வந்தாரா?"

"அங்கேதான் உக்காந்திருக்காரு."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "நா வரேன். ஆனா செடிகிட்ட நா சொல்றத நீ கேக்கணும். படிச்சத எல்லாம் கேட்டுக்கு வெளியே வச்சிட்டு வா" என்றார். சரி என்றேன்.

கொட்டகைக்கு வந்ததும் நாங்கள் மோதிக்கொண்ட முதல் விஷயம் இது. நாற்றுகளை உடனே பிடுங்கி நல்ல மண்ணில் மாற்ற வேண்டும் என்றேன் நான். அவர் ஒரு நாற்றின் பக்கத்தில் விரலை நுழைத்துப் பார்த்தார். "வேரு கருகிக் கீது. இப்பப் புடுங்கினா மிச்சமும் அறுந்து போவும். காச்சக்காரன எழுப்பி நடக்க வைக்கிற மாதிரி. அப்படியே இருக்கட்டும். நல்ல தண்ணி வுட்டு உப்பக் கீழ எறக்குவோம். தேறினப்புறம் மாத்திக்கலாம்" என்றார். நான் ஒரு நிமிடம் யோசித்தேன். அவர் சொன்னதுதான் சரி என்று பட்டது. அவரிடம் கொடுத்த வாக்கும் இருந்தது.

போர் தண்ணீரை அவர் தொடவே விடவில்லை. நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று முழித்தபோது, முதலாளி தன் வீட்டுக் குடிநீர்த் தொட்டியைத் திறந்துவிடச் சொன்னார். அவர் வீடு நர்சரியை ஒட்டியே இருந்தது. வாரம் ஒரு முறை லாரியில் வரும் தண்ணீர். காதர் பாய் குடத்தில் மொண்டு வந்து கொடுத்தார். முதலாளியும் இரண்டு குடம் தூக்கினார். பாலவாக்கத்தம்மாவிடம் அவர் என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. பாலவாக்கத்தம்மா தலையை ஆட்டியதை மட்டும் பார்த்தேன்.

ஒவ்வொரு தட்டிலும் மெதுவாகத் தண்ணீர் விடுவோம். அரைமணி நேரம் வடிய விடுவோம். அடியில் சொட்டுவதை அவர் விரலில் ஏந்தி நாக்கில் வைப்பார். "இன்னும் கீது" என்பார். மறுபடியும் விடுவோம். இருட்டும்வரை அன்று, மறுநாள் காலையிலிருந்து மதியம்வரை. நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. "காப்பி குடிச்சிட்டு வந்து நக்கினா இன்னா தெரியும்?" என்று சிரித்தார். அந்த வாரத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

நாற்பத்தேழில் ஒன்பது பிழைத்தன. மூன்று வாரம் கழித்து அவற்றில் புதுத் துளிர் வந்தது. பெரிய பெண்ணுக்கென்று வைத்திருந்த நாற்று அந்த ஒன்பதில் இல்லை. காதர் பாய் அவற்றில் நாலைத் தேர்ந்து மறுபடியும் முதலிலிருந்து பங்கு பிரித்தார்.

இதோடு முடியவில்லை. அதே தூளைப் பைகளில் கட்டி தி.நகர் மாடித் தோட்டக்காரர்களுக்கும் கொடுத்திருந்தேன். ஒவ்வொருவரையாகப் போனில் கூப்பிட்டு, பயன்படுத்த வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னேன். ஒருவர், "உங்களை நம்பித்தானே மேடம் வாங்கினோம்" என்றார். அந்தக் குரல் இன்னும் நினைவிருக்கிறது. இன்னொருவர் கீரை நன்றாகத்தான் வந்திருக்கிறது என்றார். கீரை தாங்கும், எலுமிச்சை தாங்காது என்று விளக்கினேன். கைதட்டல் வாங்கிய அதே கூட்டத்தில் மறுபடியும் போய்ப் பேசினேன். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. ஆனால் நிறையக் கேள்வி கேட்டார்கள். போன தடவை யாருமே கேள்வி கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் பழைய செம்மண்ணுக்கே திரும்பிவிட்டேனா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அந்தப் பள்ளமும் உண்மைதான். ஆனால் கழிவுப் பொருள் என்பதாலேயே ஒன்று பூமிக்கு நல்லது என்று நினைத்திருந்தேன். லாரியில் தண்ணீர் வாங்கும் ஊரில், தூளைக் கழுவ நாலு தொட்டித் தண்ணீரைக் கொட்டினால் அதில் என்ன நன்மை? பாலவாக்கத்தம்மாதான் வழி சொன்னார். நார்த்தூளை ஐப்பசியிலேயே திறந்த வெளியில் பரப்பி வைத்தோம். மழை கழுவிக் கொடுத்தது. பக்கத்துத் தெருக்களில் பெருக்கிக் குவிக்கும் இலைகளை வாங்கி மக்க வைத்தோம். உமிக்கரி சேர்த்தோம். செம்மண்ணை ஒரு பிடியாகக் குறைத்தோம். பலாவுக்கு ஒரு மாதிரி, எலுமிச்சைக்கு ஒரு மாதிரி என்று தனித்தனியாகச் செய்து பார்த்தோம். இரண்டு வருடம் பிடித்தது. ஒவ்வொரு புதுக் கலவையிலும் முதலில் ஒரு கை பாசிப்பயறு போட்டுவிட்டுக் காத்திருப்போம். ஒரு வாரத்தில் பயறு நிமிர்ந்து நின்றால்தான் பழ விதை உள்ளே போகும். இன்று சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் என் கையெழுத்து இருக்கிறது. பங்குகளைச் சொன்னவர் அவர்.

ஒரு கலவையில் தப்பு நடந்தால் அதைச் சரிசெய்ய நேரம் இருக்கும். எனக்கும் இருந்தது. சனிக்கிழமை நாற்பத்தேழும் உயிரோடுதான் இருந்தன. வெள்ளிக்கிழமைக்கு இருபது. உப்பு கொன்றது எத்தனை, என் ஆறு நாள் மௌனம் கொன்றது எத்தனை என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. பார்க்கத் தைரியமில்லை.

நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. போன ஆவணியில் காதர் பாய் மந்தைவெளியில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். இப்போது கடையைப் பெரிய மருமகன் பார்த்துக்கொள்கிறார். பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து வைத்தார்.

"நாலு மரமும் காய்ச்சிடுச்சும்மா. வடபழனியில ஒரே புளிப்பு. தாம்பரத்துல ரெண்டும் கசக்குது, புள்ளைங்க பந்து விளையாடுதுங்க. ஆதம்பாக்கத்துல மட்டும் இது" என்றார்.

அறுத்துப் பார்த்தேன். அன்றைக்கு விதை எடுக்க நான் அறுத்த தாய் மரத்துப் பழங்கள் உள்ளே ரோஜா நிறம். இது வெள்ளையாக இருந்தது. ஒரு சுளையை உரித்து இருவரும் சாப்பிட்டோம். நல்ல இனிப்பு, கடைசியில் மெல்லிய கசப்பு.

"அது மாதிரி இருக்கா பாய்?" என்று கேட்டேன்.

அவர் அவசரப்படாமல் மென்று முடித்தார். "இல்லம்மா. இது வேற. ஆனா இத அவ சாப்பிட்டிருந்தா, இதோட விதையையும் புதைச்சிருப்பா" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "பேரப்புள்ளைங்க ஏழு பேரு. இந்தத் தடவ நா நின்னு பாத்துக்கிட்டு இருக்கப் போறதில்ல. மரம் நல்லா இருக்கும்போதே கிளையிலேருந்து கன்னு எடுத்துடணும். நர்சரியில யார்கிட்ட சொல்லணும்?" என்று கேட்டார்.

நான் உங்கள் பெயர்களைக் கொடுத்திருக்கிறேன். ஆதம்பாக்கம் வீட்டில் மரம் சுற்றுச்சுவரை ஒட்டி நிற்கிறது. மேல் கிளைகள் தெருப் பக்கம் போகின்றன. பென்சில் பருமனில் ஏழெட்டுக் கிளைகளைத் தேர்ந்து, கிளையிலேயே வேர் பிடிக்கும்படி விண்பதியன் கட்டுங்கள். என்ன கலவை கட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் பாலவாக்கத்தம்மாவிடம் கேளுங்கள், இப்போதும் வாரம் மூன்று நாள் வருகிறார். அவருக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபட்டால், இரண்டு விதமாகவும் கட்டிப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை போகாதீர்கள், காதர் பாய்க்குத் தொழுகை இருக்கும். சனிக்கிழமை காலையில் போங்கள். பாய் உங்களுக்கு முன்னாலேயே வந்து ஏணியைச் சுவரில் சாத்தி வைத்திருப்பார். நானே ஏறுகிறேன் என்பார். ஏற விடாதீர்கள். எழுபது தாண்டிவிட்டது. கீழே நின்று எந்தக் கிளை எந்தப் பேரப்பிள்ளைக்கு என்று சொல்லட்டும்.